நாற்காலியும் முக்காலியும்

இருபது ஆண்டுகளாகக் கதை எழுதியதில் எனக்குச் சேர்ந்த நிலையான சொத்து முதுகுவலி. வைத்தியர் மருந்தைச் சுருக்கமாகவும் உபதேசத்தை விரிவாகவும் கொடுத்தார். பாதம் தரையில் படிய வேண்டும். முழங்கை மேஜை மட்டத்துக்கு வர வேண்டும். கணினித் திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். தச்சரை அழைத்து மேஜைக் கால்களில் இரண்டு அங்குலம் குறைத்தேன். இடுப்புக்கு அணைவுள்ள நாற்காலி ஒன்றும் வாங்கினேன். “பெண்ணுக்கு வரன் பார்த்தால்கூட இத்தனை பொருத்தம் பார்க்க மாட்டீர்கள்” என்று என் மனைவி சிரித்தாள்.

இந்தச் சாஸ்திரத்துக்கு எர்கனாமிக்ஸ் என்று பெயர். கிரேக்கத்தில் ‘எர்கோன்’ என்றால் வேலை. ‘நோமோஸ்’ என்றால் நியதி. வேலைக்காக மனிதனை வளைக்காமல், மனிதனுக்கேற்ப வேலையை அமைப்பதே அதன் சாரம். இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸீனி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உட்கார்ந்தே உழைப்பவர்களுக்கு அதில் ஓர் அத்தியாயம். நின்றே உழைப்பவர்களுக்கு, அவர்களுடைய கால் நாளங்கள் புடைத்துக்கொள்வதைச் சொல்லி, இன்னோர் அத்தியாயம். நான் எனக்குரிய அத்தியாயத்தோடு நின்றுவிட்டேன் போலும்.

நாற்காலி வந்த அதே வாரம், மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். மாலை ஏழு மணி. கூட்டமில்லை. சேலை அடுக்குகளின் ஓரத்தில், ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ஆள் வந்து நிற்பது தெரியவில்லையா?” என்றேன்.

அவள் துள்ளி எழுந்தாள். “மன்னிச்சுக்கங்க சார்!”

பிறகு ஒரு மணி நேரம், முகம் கோணாமல் சேலைகளை விரித்துக் காட்டினாள். நாங்கள் இருவரும் கடையில் போட்ட நாற்காலிகளில் சாய்ந்தபடி பார்த்தோம். பில் போடும் நேரத்தில் என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாள்: “காலையில ஒன்பதரைக்குக் கடை திறந்ததுலேருந்து நிக்கிறேன்க்கா. அப்பத்தான் உட்கார்ந்தேன்.”

அன்றிரவு என் நாற்காலி எனக்கு இதமாக இல்லை.

கடை ஊழியர்கள் உட்கார இடம் தர வேண்டுமென்று 2018-ல் கேரளம் சட்டம் செய்தது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு 2021-ல் அத்தகைய திருத்தம் வந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்பது விதி. அந்த முக்காலியில் உட்காரச் சட்டம் அவளுக்கு உரிமை தந்திருந்தது. என் ஒரு வாக்கியம் அதைப் பறித்துவிட்டது.

நான் ஏன் அப்படிப் பேசினேன்? பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பது நம் வீட்டுப் பழக்கம். அதில் அன்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுப்பவனெல்லாம் பெரியவன் என்றாகும்போது, அந்த மரியாதையும் விலைக்கு வாங்கும் சரக்காகிவிடுகிறது. என் முதுகு வலித்தால் அது நோய். வைத்தியர் வருகிறார், தச்சர் வருகிறார். அவள் கால் வலித்தால் அது சோம்பல்! உடம்பு ஒன்றுதான், அதைப் படிக்க நான் இரண்டு அகராதி வைத்திருக்கிறேன்.

அதற்காக என் நாற்காலியை வீசி எறிவதா? எறிந்தால் அவள் கால்வலி குறையாது. சௌகரியம் பாவமன்று. தன் உடம்புக்கு வேண்டியதை அங்குலக் கணக்கில் அறிந்த ஒருவன், எதிரில் நிற்கும் உடம்பைக் காணாதிருப்பதுதான் பாவம்.

அடுத்த மாதம் மீண்டும் அந்தக் கடைக்குப் போனேன். என் தலையைக் கண்டதுமே அவள் எழுந்துவிட்டாள். “உட்காரம்மா, நான் மெதுவாகப் பார்க்கிறேன்” என்றேன். அவள் கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், சிரித்தாள், உட்காரவில்லை.

ஒரு நொடியில் நான் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க, இன்னும் எத்தனை முறை அந்தக் கடைப் படி ஏற வேண்டுமோ!