சீட்டும் சொல்லும்

வாங்கிய பொருள் பழுதாயிருந்தால் அதை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கச் செல்கிறோம். அதில் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை. ஆனால் கடையிலே நம்மை எதிர்கொள்ளும் முதற் கேள்வி அந்தப் பொருளைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘பற்றுச்சீட்டு இருக்கிறதா?’ என்பதே அக்கேள்வி. இல்லை என்று சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. பழுது யார் கண்ணுக்கும் தெரியக்கூடியதாயிருக்கலாம். விற்றவருக்கே நம் முகம் நன்றாக நினைவிருக்கலாம். அவையெல்லாம் கணக்கில் எடுபடுவதில்லை. ஒரு தாள் துண்டு இல்லாத காரணத்தினால் நடந்த விற்பனை நடவாததாகிவிடுகிறது.

இது சில்லறைத் தகராறு என்று ஒதுக்கிவிடத் தக்கதா? உண்மை ஒன்று; அதற்குரிய சான்று வேறொன்று. சான்று தொலைந்தால் உண்மையும் தொலைந்துவிடுமா? அவ்வாறு நேரும் நட்டத்தை இருவரில் யார் சுமப்பது நீதி? மன்னார்த் தீவிலும் அதை அடுத்த பெருநிலக் கரையிலும் உழைத்து வாழும் மக்களின் நிலையில் வைத்து இவ்வினாக்களை ஆராய்வோம்.

பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ வங்காலையிலோ வாழும் ஒரு கடற்றொழிலாளியை எண்ணிக்கொள்வோம். நகரத்துக் கடையொன்றில் அவர் நைலோன் வலை வாங்குகிறார். கடையில் விரித்துப் பார்க்கும்போது அதிலே குறை தெரியாது. கடலில் இறக்கி, பாரம் ஏறிய பின்னரே முடிச்சுகள் நழுவுவது தெரியவரும். திருப்பிக் கொண்டுபோனால் சீட்டைக் கேட்கிறார்கள். அவரிடம் அது இல்லாமைக்குக் காரணங்கள் பல. கடைக்காரர் கொடுத்திருக்கமாட்டார், கேட்டால், ‘எங்களிலே நம்பிக்கை இல்லையோ?’ என்று மனத்தாங்கல் வரும். கொடுத்திருந்தாலும், இக்காலத்துப் பொறிகள் தரும் சீட்டுப் பெரும்பாலும் மையினால் அச்சிடப்படுவதில்லை. சூடு பட்டால் கறுக்கும் தாளில் எழுத்துத் தோன்றுகிறது. வெயிலும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டு நாளடைவில் அவ்வெழுத்து மங்கி, கையில் வெறுந்தாளே மிஞ்சும். ஆக, நம்பிக்கையின் பேரில் விற்கப்பட்ட பொருள், திரும்பி வரும்போது மட்டும் தாளின் பேரில் விசாரிக்கப்படுகிறது.

வாங்கியவனே தன் நட்டத்துக்குப் பொறுப்பு என்று சிலர் வாதிப்பர். அக்கொள்கை முழுமையாக நிலவிய சந்தையொன்று இக்கரையிலேயே இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் நடைபெற்ற முத்துச் சலாபங்களில், திறக்கப்படாத சிப்பிகளை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கம் ஏலத்தில் விற்றது. வாங்கியவர் திறந்து பார்த்து முத்தில்லையென்று திருப்பிக் கொடுத்ததில்லை, கொடுக்கவும் முடியாது. உள்ளே என்ன இருக்கிறதென்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். இருவரும் அறிந்து ஒப்புக்கொண்ட சூதாட்டம் அது. ஆகவே அதில் வஞ்சனை இல்லை. கடையில் விற்கப்படும் வலையோ சிப்பியன்று. மீன் பிடிக்க உதவும் வலை என்று சொல்லி, அதற்குரிய முழு விலையும் பெறப்பட்டது. சலாபத்தின் நியாயத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவருவது, சூதாட சம்மதியாதவனைச் சூதில் தோற்றவனாக்குவதாகும்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கமுடையது. இன்ன தேவைக்கென்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி ஒருவர் வாங்கினால், பொருள் அத்தேவைக்கு ஏற்றதாயிருக்க வேண்டும் என்பதை எழுதப்படாத நிபந்தனையாகவே அது கொள்கிறது. பொருளை ஏற்றுப் பெற்றுக்கொண்டாலோ விலையைக் கொடுத்தாலோ, எழுத்தில் ஒன்றுமில்லாத வாய்ப்பேச்சு உடன்படிக்கையும் செல்லும் என்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை நிறுவப்பட்டது. வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அச்சட்டம் வணிகரைப் பணிக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்தால், விசாரித்து, பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ ஆணையிடும் அதிகாரமும் அச்சபைக்கு உண்டு.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று. சட்டம் சீட்டை விற்பவரின் கடமையாக வைத்தது. கடைத்தெருவோ அதை வாங்குபவரின் தகுதிச் சான்றாக மாற்றிவிட்டது. தன் கடமையைச் செய்யாத ஒருவர், அது செய்யப்படாமையையே தனக்குக் கேடயமாக்கிக் கொள்கிறார். முறைப்பாடு செய்யலாமே எனின், அலுவலகப் படியேறும் ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகாத நாள் என்பதை மறந்துவிடலாகாது. ஏழையின் உரிமை பல வேளைகளில் மறுக்கப்படுவதில்லை. அதைப் பெறுவதற்கான செலவு அவனால் தாங்க முடியாததாக ஆக்கப்படுகிறது.

இன்னும் ஆழமான ஓர் அநீதி உண்டு. கரையோர ஊர்களில் வாங்குதல் பெரும்பாலும் கடனுக்கே நடைபெறுகிறது. தொழில் இல்லாத மாதங்களில் அரிசியும் சீனியும், சில வேளை வலையும் நூலுங்கூட, கடன் கொப்பியில் எழுதப்படுகின்றன. அக்கொப்பியை எழுதுபவர் கடை முதலாளி, வைத்திருப்பவரும் அவரே. மாத முடிவில் அவர் கூட்டிச் சொல்லும் தொகையைத் தொழிலாளி மறுபேச்சின்றி ஏற்கிறார். ‘இதற்குச் சீட்டு எங்கே?’ என்று அவர் கேட்பதில்லை. முதலாளியின் கையெழுத்து முதலாளிக்கே சாட்சியாகச் செல்லுகிறது. அதே தொழிலாளி பழுதான பொருளோடு வந்து நிற்கும்போது அவருடைய சொல் செல்லாக்காசாகிறது. கடன் தீர்க்க வேண்டிய நாளில் நாணயமானவர் என்று நம்பப்படுபவர், பொருளைத் திருப்பும் நாளில் மட்டும் பொய்யராய் இருக்கக்கூடும் என்று ஐயுறப்படுவது என்ன நியாயம்?

அது மட்டுமன்று. எந்த நாளில், எவருக்கு, எந்தப் பொருள், என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பது அக்கொப்பியிலேயே இருக்கிறது. கேட்கப்படும் சீட்டு, கேட்பவரின் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடக்கிறது! ஆகவே, விற்றதை அறிந்திருந்தும் சீட்டைக் கேட்பவர் சான்று தேடவில்லை. தாம் அறிந்த உண்மையை அறியாததுபோல் நடிப்பதற்கு ஒரு விதியைத் துணைக்கு அழைக்கிறார். பொய்யை வாயால் சொன்னால்தான் பொய் என்பதில்லை. ஒழுங்கு என்ற பெயரிலும் அதைச் சொல்லலாம்.

விற்பவர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வேறு கடையில் வாங்கியதை இங்கே கொண்டுவந்து தள்ளுவோர் உண்டு. தாமே உடைத்துவிட்டுப் பழுதென்று சாதிப்போரும் உண்டு. அறியாத வாடிக்கையாளர் நூறு பேர் வந்துபோகும் கடையில் சீட்டைக் கேட்பது தவறென்று நாம் கூறவில்லை. ஆயினும் கேள்வி ஒன்றைத் தொடங்குவதற்காகக் கேட்பது வேறு, முடிப்பதற்காகக் கேட்பது வேறு. சீட்டு இல்லையாயின் பொருளைப் பார்க்கலாம். அந்தச் சரக்கு தம் கடைக்கு வந்ததா என்று தேடலாம். தம் கணக்கைப் புரட்டலாம். இவ்வளவும் செய்த பிறகும் ஐயம் தீராவிட்டால், அப்போது மறுப்பதில் குற்றமில்லை.

சிறு கடைக்காரரின் துன்பத்தையும் நாம் மறைக்கலாகாது. கொழும்பு மொத்த வியாபாரி பழுதான சரக்கை அவரிடமிருந்து திரும்ப ஏற்காவிட்டால் நட்டம் அவர் தலையில் விழும். மேலே தள்ள முடியாத நட்டத்தைக் கீழே தள்ளுகிறார்; கீழே நிற்பவருக்குத் தள்ள இடமில்லை. பழுதை உண்டாக்கியவர் எங்கோ இருக்க, அதற்கான விலையைச் சங்கிலியின் கடைசி மனிதர் கொடுக்கிறார். ஆதலின் கடைக்காரரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பகைப்பதில் பயனில்லை. இருவரும் சேர்ந்து மேலே நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி இது.

வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்பது அவர் கருத்து. இருவர் நடுவே கோணாது நிற்கும் தராசு, கடன் கொப்பிக்கு ஒரு பக்கமும் பழுதான வலைக்கு மறுபக்கமும் சாய்ந்தால் அது தராசாகுமா?

இதற்கு வேறு வழியுண்டென்பதை உழைப்பாளிகளே காட்டியுள்ளனர். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நெசவாளர் முதலான தொழிலாளர் கூடி ஒரு கூட்டுறவுக் கடை திறந்தனர். கலப்படமில்லாத பொருள், சரியான நிறை என்பன அவர்கள் கொள்கை. இலாபம் அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிடப்பட்டது. ஆகவே ஒவ்வோர் உறுப்பினரும் எவ்வளவு வாங்கினார் என்பதைக் கணக்கு வைப்பது கடையின் கடமையாயிற்று. அங்கே கணக்கு வாங்குபவரின் உரிமைக்காக எழுதப்பட்டது. கணக்கெழுதும் தொழில் அதேதான். யாருக்காக எழுதுகிறோம் என்பது மாறியபோது அதன் அறமும் மாறியது.

மன்னார்க் கரைக்குத் தாள் தொலைவது புதிதன்று. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலான ஊர்களின் மக்கள் கையில் அகப்பட்டதோடு கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் சென்றனர். போர் ஆண்டுகளில் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்த தமிழரும் பலர். உறுதியும் பத்திரமும் இழந்தோர் இரு சாராரிலும் உண்டு. போரினால் உரிய காலத்தில் வழக்குத் தொடுக்க இயலாதோரின் நிலவுரிமை காலங்கடந்ததென்று தள்ளப்படாதிருக்க 2016ஆம் ஆண்டு ஒரு தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஒரு வலையின் நட்டத்தை ஊரிழந்தோர் துயருடன் நாம் ஒப்பிடவில்லை. ஆயினும் தன் குற்றமின்றித் தாள் இழந்தவன் உரிமையையும் இழக்கலாகாது என்பதை இக்கரை மக்கள் தம் அனுபவத்தால் அறிவர். பெரிய காரியத்தில் அரசிடம் கேட்கும் நீதியைச் சிறிய காரியத்தில் அயலானுக்கு மறுப்பது முறையாகுமா?

சீட்டைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர்களில் பரப்ப வேண்டும். அது அவமதிப்பில்லை என்பதைக் கடைக்காரருக்கும் உணர்த்த வேண்டும். கடன் கொப்பியின் ஒரு பிரதி வாங்குபவர் கையிலும் இருத்தல் வேண்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இதில் முன்கை எடுக்கலாம். அதுவரையில், பழுதான பொருளோடு ஒருவர் வந்து நிற்கும்போது முதலில் பொருளைப் பார்க்கட்டும். பிறகு கொப்பியைப் புரட்டட்டும். சீட்டைப் பற்றி அதன் பின்னர் கேட்கட்டும்.