ஒரு முகத்தின் விலை

உருவப்படத்தை வீட்டில் மாட்டலாமா என்ற கேள்வி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கல்முனைக்குடியில் எந்தத் திண்ணையில் தொடங்கினாலும் இஷா பாங்கு சொல்லும்வரை அந்தப் பேச்சு ஓடும். நானும் அதில் பல வருடங்கள் வாதாடியவன்தான். ஆனால், காசு கொடுத்து ஓர் உருவத்தை வாங்கிய பிறகே நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருப்பது எனக்குத் தெரியவந்தது.

பாடசாலை விடுமுறையில் கொழும்பு சென்றிருந்தேன். இலக்கிய நண்பர் ஒருவர் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்துக்கு அழைத்துப் போனார். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. 1943 இல் தோன்றிய '43 குழு'வைச் சேர்ந்த அவர், 1974 இல் அம்மன்றத்தை நிறுவினார். ஜோர்ஜ் கீற் முதலான அவரது தோழர்களின் ஓவியங்கள் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. அறை அறையாக மனித முகங்கள். இரண்டு மணித்தியாலம் நின்று பார்த்தேன். மனம் உறுத்தவில்லை.

மறுநாள் வேறோர் ஓவியரின் வீட்டுக்குப் போனோம். அங்கே முன் விறாந்தையில் படங்கள் விற்பனைக்கு இருந்தன. அவற்றுள் கரித்துண்டால் வரைந்த சிறு படம் ஒன்று. முக்காடிட்ட கிழவி ஒருத்தி பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். என் உம்மாவின் தாய் அப்படித்தான் குந்தியிருப்பார். அவருக்கு ஒரு புகைப்படமும் எங்களிடம் இல்லை. விலை 25,000 ரூபாய் என்றார் ஓவியர்.

இப்போதுதான் உறுத்தல் வந்தது. நேற்று வராதது இன்று ஏன் வந்தது? அடுத்தவர் சுவரில் தொங்கினால் கலை, என் சுவரில் தொங்கினால் பாவமா? அப்படியானால் என் பேணுதல் மார்க்கத்துக்காகவா, என் வீட்டுக்கு வரும் நாலு பேருக்காகவா?

உருவம் உள்ள வீட்டில் மலக்குகள் நுழையமாட்டார்கள் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். ஆயிஷா (ரழி) அவர்களின் உருவத் திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததையும், அது பின்னர் தலையணையானதையும் அறிவோம். நிழல் விழும் சிலைக்கும் நிழல் விழாத படத்துக்கும் மாலிகி அறிஞர்கள் பலர் வேறுபாடு கண்டார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி அதனை ஏற்கவில்லை. மிதிபடும் விரிப்பில், சாயும் தலையணையில் இருப்பதற்கே இடம் கொடுத்தார். இந்த ஆய்வுகளை நான் இலேசாக எண்ணவில்லை. என்றாலும் கிழவியின் முகம் என்னை விடவில்லை. ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள் ஐந்தை எண்ணிக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் நடன உருவம் இருந்தது.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் பயந்து பயந்துதான் காட்டினேன். கிப்லாப் பக்கம் மாட்டாதே என்பார், அல்லது திருப்பிக் கொடு என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வரஞ்ச ஆளுக்குக் காசு குடுத்தாய். குந்தியிருந்த மனிசிக்கு என்ன கிடைச்ச மகன்?" என்று கேட்டார்.

பதில் இல்லை. அன்றிரவே ஓவியருக்குத் தொலைபேசி எடுத்தேன். கிழக்கில் ஒரு சந்தையோரம் கண்டு வரைந்ததாகச் சொன்னார். பெயர் கேட்கவில்லை, வரைவது அவளுக்குத் தெரியவும் தெரியாது. அவர் கெட்ட மனிதர் அல்லர். அந்தக் கேள்வி எனக்கு எழாததுபோல அவருக்கும் எழவில்லை, அவ்வளவுதான்.

அல்லாஹ்வுக்குரிய கடமையில் தவறினால் அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் உரிமையில், அதாவது ஹக்குல் இபாதில் தவறினால், உரியவர் மன்னித்தாக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். உருவம் பற்றிய எங்கள் திண்ணை விவாதம் முழுவதும் வரைபவனையும் மாட்டுபவனையும் சுற்றியே நடந்தது. வரையப்பட்டவர் அதில் ஒருநாளும் வரவில்லை. காசு கொடுத்துத் தம்மை வரைவித்தவர்களின் படத்துக்குக் கீழே பெயர் இருக்கும். பாய் இழைப்பவளுக்கு 'கிழவி' என்ற தலைப்புத்தான்.

படம் இப்போது துணியில் சுற்றி அலுமாரிக்குள் இருக்கிறது. மௌலவி ஒருவர் தடுத்ததனால் அல்ல. அவருடைய பதிலை இன்னும் நான் கேட்கவே இல்லை. அந்தச் சந்தைக்கு ஒரு சனிக்கிழமை போய்வந்தேன். பாய் விற்ற பெண்கள் மூவர் இருந்தார்கள். அவள் இல்லை. மறுபடியும் போவேன். கண்டால் முதலில் பெயர் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு, இந்த முகத்தை நான் வைத்திருக்கலாமா என்று.