லைசென்ஸும் ஹலாலும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கூட்டேரிப்பட்டில் சென்ற மாதம் ஒரு ஜும்ஆ முடிந்ததும் பெரியவர் ஒருவர் என்னருகில் வந்தமர்ந்தார். அவர் மகன் கனடாவில், டொராண்டோவை அடுத்த மிஸ்ஸிசாகா நகரில் இருக்கிறார். அங்கே சொந்தமாக ஒரு கடைக் கட்டிடம் உண்டு. அதைக் கஞ்சாக்கடை வைக்க ஒருவர் கேட்கிறாராம்; வாடகையும் கூடுதலாம். "சர்க்காரே லைசென்ஸ் கொடுக்குது ஹஜ்ரத். நாம விக்கல, கட்டிடம்தான் விடறோம். கூடுமா?" என்றார்.

கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. கடைகளை அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, ஒன்டாரியோ மாகாணம் தன் நகரசபைகளுக்கு 2019 ஜனவரி வரை அவகாசம் கொடுத்தது. மிஸ்ஸிசாகா நகரசபை 2018 டிசம்பரில் 'வேண்டாம்' என்றது. நம் தமிழ் மக்கள் நிறைய வாழும் மார்க்கமும் அப்படியே சொன்னது. பிறகு 2023 ஏப்ரலில் மிஸ்ஸிசாகா மனம் மாறி, கடைகளை அனுமதித்தது. திருட்டுக் கடைகள் எப்படியும் நடக்கின்றன, லைசென்ஸ் இருந்தால் சரக்கைச் சோதிக்கலாம், 19 வயதுக்குட்பட்டவர்களைத் தடுக்கலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். அதை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். 2023 மே மாதம் நம் மாவட்டத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்ததே, மறக்க முடியுமா?

ஆனால் நகரசபை தீர்மானிப்பது ஊரில் கடையை அனுமதிப்பதா வேண்டாமா என்பதைத்தான். 2018-ல் கூடாதது 2023-ல் கூடும் என்று கையைத் தூக்கி மாற்றிக்கொள்ள, ஹலால் ஹராம் அவர்கள் கையில் இல்லை.

"குர்ஆனில் கஞ்சா என்ற பெயர் இல்லையே" என்பவர்கள் உண்டு. அறிவை மூடுவது எதுவோ அதுவே கம்ரு என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கியது புகாரியில் இருக்கிறது. ஹிஜ்ரி 794-ல் வபாத்தான இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் ஹஷீஷ் ஹராம் என்பதற்கென்றே தனிக் கிதாபு எழுதினார்கள். இது நேற்று முளைத்த மஸ்அலா அல்ல. (நோய்க்கு மருத்துவர் தரும் மருந்து வேறு சட்டம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.)

இனி வாடகை. பெரியவர் விவரமானவர். "இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூடும் என்றதாகச் சொல்றாங்களே" என்றார். உண்மைதான். மது விற்கும் திம்மிக்கு வீட்டை வாடகைக்கு விடுவதில், கூலி வீட்டுக்கு, பாவம் விற்பவனுக்கு என்று இமாமவர்கள் கருதினார்கள். ஆனால் அது கூஃபாவைச் சுற்றிய ஸவாத் கிராமங்களைப் பற்றிய பேச்சு. அங்கு பெரும்பாலோர் மதுவைத் தங்கள் மார்க்கத்தில் விலக்காதவர்கள். அப்போதும் அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) அது பாவத்துக்கு உதவி என்று மறுத்தார்கள். மிஸ்ஸிசாகாவிலோ பள்ளிவாசல்கள் பல. அந்தக் கடைக்கு நம் பிள்ளைகளும் வரமாட்டார்கள் என்று யார் ஜாமீன்? மதுவின் விஷயத்தில் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், கிரயத்தை உண்பவர் எனப் பத்துப் பேரை ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதியில் வருகிறது. கட்டிடக்காரர் பெயர் அதில் இல்லை என்று தப்பிக்கப் பார்ப்பதா?

கடல் கடந்த சங்கதிதானே என்று இருந்துவிடாதீர்கள். இங்கே 1985-ம் வருடச் சட்டப்படி கஞ்சா விற்றால் ஜெயில். ஆனால் நம் நெடுஞ்சாலையோரம் டாஸ்மாக் கடைக்குக் கட்டிடம் விடுவதும் இதே கேள்விதான். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. சாராயக்கடையை அகற்றத் தீர்மானம் கேட்டு அங்கே எழுந்து பேசுபவர்கள் பெரும்பாலும் நம் மாற்றுமதச் சகோதரிகள். ஜமாஅத்தார் எத்தனை பேர் போகிறோம்?

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அட்வான்ஸ் வாங்கிட்டானாம் ஹஜ்ரத்" என்றார்.

"திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றேன்.

"அங்க இன்னும் விடியல. மஃரிபுக்கு அப்புறம் பேசறேன்" என்று எழுந்தார்.