சொல்லாமல் விடுவது பொய்யாகுமா?

நம் பணத்தில் நாம் வாங்கிய பொருளை நம் விருப்பப்படி மாற்றியமைக்க நமக்கு உரிமை உண்டா? உண்டு என்றே எவரும் விடை கூறுவர். வீட்டுக் கதவுக்கு என்ன வண்ணம் பூசலாம் என்று நாம் யாரையும் கேட்பதில்லை. ஆனால் அப்பொருள் பிறர் நடக்கும் சாலையில் ஓடத் தொடங்கும்போது அவ்விடை போதுமானதா? சிறியதொரு எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

நான்கு சக்கர இயக்கமுடைய ஜீப் வகை வண்டிகளுக்குப் பெரிய டயர் மாட்டும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அழகுக்காகச் செய்வோர் பலர். தேவைக்காகச் செய்வோரும் உளர். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையைக் கண்டவர்கள், கல்லில் அடிப்பாகம் இடிக்காமலிருக்க வண்டி சற்று உயர்ந்திருக்க வேண்டும் என்பதை மறுக்கமாட்டார்கள். ஆகவே ஆசையை மட்டும் சாடிவிட்டு நாம் நகர்ந்துவிட இயலாது.

மாற்றத்தின் அளவை முதலில் அறிவோம். டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்றிருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் 75 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். மொத்த விட்டம் ஏறத்தாழ 704 மில்லிமீட்டர். அவ்விடத்தில் 31 அங்குல டயரை மாட்டினால் விட்டம் 787 ஆகிறது. அதாவது 12 விழுக்காடு கூடுதல். வண்டி 42 மில்லிமீட்டர் உயர்கிறது. அதனுடன் அதன் எடை மையமும் உயர்ந்து, வளைவில் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி இப்போது 80 என்று காட்டும்போது, வண்டி 90 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கிவிட்டிருக்கும். பழைய பிரேக்கே பெரிய, கனத்த சக்கரத்தை நிறுத்த வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

சட்டம் இதனைக் காணாமலில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழி செய்தது. தேய்ந்துபோகும் டயரை மாற்றுவது வண்டியையே மாற்றுவதாகுமா என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தை நீதிமன்றத்திற்கு விட்டுவிடுவோம். நம் கேள்வி வேறு: மாற்றியதை யாரிடமும் சொல்லாமல் இருக்கலாமா?

காப்பீடு என்பது முழுமையான நன்னம்பிக்கையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு வழங்கிய தீர்ப்பு இதற்கு அடித்தளமாயிற்று. சுமத்திராவிலிருந்த கோட்டையொன்றின் ஆளுநர், அது பகைவர் கையில் விழுந்தால் இழப்பீடு பெறக் காப்பீடு செய்திருந்தார்; கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். ஆளுநர் உண்மைகளை மறைத்தார் என்றது காப்பீட்டுத் தரப்பு. நன்னம்பிக்கை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று வகுத்த நீதிபதி, வெற்றியை ஆளுநருக்கே அளித்தார். ஏனெனில், மறைத்ததாகச் சொல்லப்பட்டவை காப்பீட்டாளர் தாமே அறிந்திருக்கக் கூடியவையாக இருந்தன. இங்கேதான் நமக்குப் பாடம் உள்ளது. நம் வீட்டுக் கொட்டகையில் நாம் மாட்டிய டயரை, நாம் சொன்னாலன்றிக் காப்பீட்டு நிறுவனம் அறிய இயலாது. நம் சொல்லை நம்பியே ஒருவர் முடிவெடுக்கும்போது, அவர் அறிய வேண்டியதை அடக்கிக்கொள்ளும் மௌனம் பொய்யின் வேலையையே செய்கிறது.

இம்மௌனத்தின் விலையை நாமும் நிறுவனமும் மட்டும் செலுத்தினால் தாழ்வில்லை. மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் சாலையோரம் நடப்பவர். எந்தப் படிவத்திலும் கையொப்பமிடாதவர். அவருக்காகத்தான் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆயினும் முக்கியமான உண்மை மறைக்கப்பட்டது என்று வாதிட, அதே சட்டம் நிறுவனத்திற்கு இடமளிக்கிறது. முதலில் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று தீர்ப்பாகலாம். அத்தீர்ப்பு வரும்வரை தீர்ப்பாயத்தின் படிகளில் காத்திருப்பது, இறந்தவரின் மனைவியும் மக்களுமே.

“மலைப்பாதையில் இது உயிர்த் தேவை; சட்டம் எங்கள் நிலையை அறியாது” என்பது வலுவான மறுப்பு. சட்டத்தின் எழுத்து அதன் நோக்கத்தையே கெடுக்கும்போது நோக்கத்தைப் பின்பற்றலாம் என்று அரிஸ்டாட்டில் போதித்தார். புனித தாமஸ் அக்குவினாசும் அதை ஏற்றார். ஆனால் ஆபத்து உடனடியானதாக இல்லையெனில், விலக்கு அளிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் கேட்க வேண்டும் என்ற வரம்பையும் அவர் வகுத்தார். தீப்பற்றிய வீட்டின் பூட்டை உடைப்பவன் யாரையும் கேட்கத் தேவையில்லை. டயர் வாங்கச் செல்பவருக்கோ கேட்பதற்கு வேண்டிய காலம் உண்டு.

கேட்கும் வழியும் கடினமானதன்று. அவ்வகை வண்டிக்குத் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்ட அளவுகள் கையேட்டில் இருக்கும். அவற்றுள் பெரியதைத் தேர்ந்தால் வழக்கு எழ இடமில்லை. சுமை, வேகக் குறியீடுகள் உரிய அளவுக்குக் குறையாதிருக்க வேண்டும். அதற்கு மேலும் வேண்டுமெனில், மாட்டுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் எழுதி, அவர்களின் விடையை எழுத்தில் பெறுவோம். கூடுதல் பிரீமியம் கேட்டால், நாம் ஏற்படுத்தும் ஆபத்தின் விலை என்று செலுத்துவோம். இயலாது என்று அவர்கள் மறுத்தால், அந்த டயர் பொதுச் சாலைக்கு உரியதன்று.

யாரும் கேட்கவில்லையே என்பது சாட்சிக் கூண்டில் வேண்டுமானால் விடையாகலாம். மனசாட்சியின்முன் அது விடையாகாது. ஏனெனில் கேட்டிருக்க வேண்டியவர், நம் வண்டி வருவதையே அறியாமல் சாலையோரம் நடந்து கொண்டிருக்கிறார்.