விசையில் ஒரு சிறு விரல்

சென்ற ஆண்டின் இறுதியில் என் அக்காள் மகள் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மலைகளுக்கு இடையே அமைந்த ஒரு சிற்றூரில் கணவனோடும் ஒரே மகனோடும் வாழ்கிறவள் அவள். அடுத்த வீட்டுப் பெரியவர், ஞாயிறுதோறும் அதே ஆலயத்திற்குத் திருப்பலிக்கு வருபவர், தம் பேரனுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம். 11 வயதான இவள் மகனையும் உடன் அனுப்புமாறு அன்போடு அழைத்திருக்கிறார். "அனுப்பலாமா மாமா?" என்று கேட்டாள். "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். எண்ணிப் பார்த்துச் சொன்ன விடையன்று அது. தொலைபேசியை வைத்த பின்னரே எண்ணத் தொடங்கினேன்.

முதலில் நினைவுக்கு வந்தது என் சொந்தக் கதைதான். ஒன்பதாம் வகுப்பில் நான் தேசிய மாணவர் படையில் இருந்தேன். அருட்தந்தையர் நடத்திய பள்ளி அது. ஆண்டு முகாமில் ஒரு காலைப்பொழுது எங்களைக் குப்புறப் படுக்க வைத்து, ஆளுக்கு ஐந்து தோட்டாக்கள் கொடுத்து, பாயிண்ட் டூ டூ ரைபிளைக் கையில் தந்தார்கள். ஹவில்தார் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "மூச்சை அடக்கு, விசையை இழுக்காதே, மெல்ல அழுத்து" என்றார். ஐந்தில் மூன்று இலக்குக் காகிதத்தில் பட்டன. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா மகிழ்ந்தார். பங்குத்தந்தை முதுகில் தட்டிக்கொடுத்தார். அது பாவமென்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை. அப்படியிருக்க, அக்காள் மகளின் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்றேன்?

அந்தப் பெரியவரின் பக்கமும் நியாயம் உண்டு. வேட்டை அங்கே பொழுதுபோக்கு மட்டுமன்று, தலைமுறை தலைமுறையாக வரும் வாழ்க்கை முறை. மான் வேட்டைக் காலத்தின் முதல் திங்கட்கிழமையன்று பள்ளிகள் பலவற்றுக்கு விடுமுறை விடுவது அம்மாநிலத்தின் பழைய வழக்கம். தாத்தாவும் பேரனும் குளிரில் பேசாமல் ஒரு மரத்தடியில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். கிடைத்த இறைச்சியை அண்டை வீட்டாரோடு பகிர்கிறார்கள். பொறுமையும் அடக்கமும் அந்தக் காத்திருப்பில் வளர்கின்றன என்றால் அதை மறுக்க நான் யார்? தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்து மணிக்கு நூறு பேரைப் பொம்மைத் துப்பாக்கியால் வீழ்த்தும் நம் வீட்டுப் பிள்ளையைவிட, ஓர் உயிர் விழுவதைக் கண்ணால் கண்ட அந்தச் சிறுவனுக்கு மரணம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கலாம்.

அவர் சொன்ன இன்னொரு வாதத்தையும் அவள் எனக்குச் சொன்னாள். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறது. கிணறு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதுபோல இதையும் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. (கிணற்று உவமை என்னுடையது. அவர் நீச்சல் குளம் என்றாராம்.) கேட்டவுடன் சரியென்று படும் வாதம் இது. ஆயினும் சற்றே நின்று பார்க்க வேண்டும். நீச்சல் தெரிந்த பிள்ளை கிணற்றில் விழுந்தால் அந்த நீச்சலே அவனைக் காக்கிறது. குறிபார்த்துச் சுடத் தெரிந்த பிள்ளையை, இன்னொரு பிள்ளையின் கையிலுள்ள துப்பாக்கியிலிருந்து எந்தத் திறமை காக்கும்? கிணற்றை யாரும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போவதுமில்லை.

"தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல்" என்று பாடம் சொல்லிவிட்டால் போதுமே எனலாம். 2001இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழொன்றில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 8 முதல் 12 வயது வரையுள்ள 64 சிறுவர்களை இருவர் மூவராக ஓர் அறையில் விட்டார்கள். அங்கே ஓர் இழுப்பறையில், சுட முடியாதபடி செய்யப்பட்ட உண்மையான கைத்துப்பாக்கி இருந்தது. கண்டெடுத்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கையாண்டார்கள். விசையையும் அழுத்தினார்கள் சிலர். அவ்வாறு கையாண்டவர்களிலும் அழுத்தியவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி முன்பே ஏதோவொரு பாடம் கேட்டவர்கள்! பாடம் தவறன்று. ஆனால், அலமாரிக்குப் பூட்டுப் போட வேண்டிய பெரியவரின் கடமையைப் பிள்ளையின் அறிவின்மேல் ஏற்றிவிட்டு நிம்மதியாக உறங்கப் போகிறோமே, தவறு அங்கேதான் இருக்கிறது.

கென்டக்கி மாநிலத்தில் 2013 ஏப்ரலில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். 5 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பரிசாகக் கிடைத்த துப்பாக்கி வீட்டு மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. சிறுவர்களுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்ட ரைபிள் அது. உள்ளே தோட்டா இருந்தது யாருக்கும் தெரியவில்லை. தாய் சில நிமிடங்கள் வெளியே போன நேரத்தில் அவனுடைய 2 வயதுத் தங்கை இறந்துபோனாள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரிசோனாவில், 9 வயதுச் சிறுமியின் கையில் நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டுகள் பாய்ச்சும் ஊசி இயந்திரத் துப்பாக்கியைத் தந்தார்கள். முதலில் ஒவ்வொன்றாகச் சுட்டாள். பிறகு தொடர்ந்து சுடும்படி மாற்றியதும், பின்னுதைப்பில் துப்பாக்கி மேல்நோக்கி எழும்பியது. அருகில் நின்று கற்றுக்கொடுத்தவரே மாண்டார். அந்தச் சிறுமி மீது குற்றம் சொல்வார் யாருமில்லை. ஆனால் அவள் வளர்ந்து, திருமணமாகி, தன் பிள்ளையைத் தூக்கும்போதும் அந்தக் கைகள் அவளுடைய கைகளாகத்தானே இருக்கும்?

இவையெல்லாம் விபத்துகள், விபத்துக்காக ஒரு கலையையே ஒதுக்கலாமா என்பவர் உண்டு. ஒற்றைத் தோட்டா ரைபிளும் இயந்திரத் துப்பாக்கியும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குள் எஞ்சிய கேள்வி வேறு: சுடக் கற்றுக்கொடுக்கும்போது பிள்ளைக்கு எதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம்?

துரோணர் தம் மாணவரைச் சோதித்த கதை நாம் அறிந்ததே. மரத்தைக் காண்கிறேன், கிளையைக் காண்கிறேன், உங்களையும் காண்கிறேன் என்ற தருமன் தோற்றான். பறவையின் தலையன்றி வேறொன்றும் தெரியவில்லை என்ற அருச்சுனன் வென்றான். மற்ற யாவற்றையும் காணாதிருப்பதே அங்கே திறமை. பின்னாளில் போர்க்களத்தில் எதிரே நின்றவர்கள் பாட்டனும் ஆசானும் உடன்பிறந்தாரும் எனக் கண்டதும் வில் நழுவியது அதே அருச்சுனன் கையிலிருந்துதான் என்பதை எண்ணும்போது, அந்தத் தேர்வில் தோற்ற தருமன்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. வியப்பு என்னவென்றால், இன்றைய வேட்டைப் பயிற்சியின் அடிப்படை விதிகளில் ஒன்று துரோணருக்கு நேர் எதிரானது. இலக்கு எதுவென்று உறுதிசெய். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார் என்கிறது அது. நல்ல தாத்தா ஒருவர் இதைப் பேரனுக்குச் சொல்லித் தந்தால் அதை நான் பழிக்க மாட்டேன்.

ஆனால் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி கற்றுக்கொடுக்கும் எல்லாரும் மானை நினைத்துக் கற்றுக்கொடுப்பதில்லை. "நாளை எவனாவது வீடு புகுந்தால்" என்ற அச்சத்தில் கற்றுக்கொடுப்பவர் பலர். மனித உருவம் வரைந்த காகிதத்தைத் தொங்கவிட்டு, நெஞ்சைக் குறிபார் என்கிறார்கள். என் மறுப்பு இங்கே உறுதியாகிறது. தற்காப்பைத் திருச்சபை மறுக்கவில்லை. பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்கு அது கடமையாகவும் ஆகலாம் என்றே மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. எனினும், பொறுப்பானவர் யார்? தந்தையா, 10 வயது மகனா? காக்கப்பட வேண்டியவன் பிள்ளை. அவனிடமே காவலைத் தந்து, இன்னும் வராத ஒரு மனிதனைப் பகைவனாகக் கற்பனை செய்யவும் பழக்குவது, நம் அச்சத்தை அவன் தோளில் ஏற்றுவதாகும். இறைவாக்கினர் எசாயா வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் காலத்தைக் கண்டபோது, போர் நின்றுபோவதை மட்டும் சொல்லவில்லை. போரைக் கற்பதும் நின்றுபோகும் என்றார். கற்பதைத் தனியே குறிப்பிட்டாரே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அன்பினால் கொடுப்பவரும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில், மனம் நொந்திருந்த 15 வயது மகனுக்காகத் தந்தை கைத்துப்பாக்கி வாங்கினார். மறுநாள் தாய் அவனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார். சில நாள்களில், 2021 நவம்பர் 30ஆம் நாள், அவன் தன் பள்ளியில் மாணவர் நால்வரைக் கொன்றான். 2024இல் பெற்றோர் இருவரையும் நீதிமன்றம் குற்றவாளிகளெனத் தண்டித்தது. மகனிடம் உட்கார்ந்து பேச வேண்டிய நேரத்தில் அவன் கையில் எதையோ கொடுத்துவிடும் பழக்கம் அந்த நாட்டினருக்கு மட்டும் உரியதன்று.

ஒரு வாரம் கழித்து அக்காள் மகளை நானே அழைத்தேன். "வேண்டாம் என்றது அவசரப் பேச்சு. முதலில் அவர் துப்பாக்கிகளை இரவில் எங்கே வைக்கிறார் என்று கேள். மான் வேட்டைக்கா, மனிதருக்கு அஞ்சியா என்றும் கேள். பிறகு உன் கணவனோடு பேசி முடிவு செய்" என்றேன். கேட்டிருக்கிறாள். பெரியவர் கோபிக்கவில்லை. இரும்பு அலமாரியைத் திறந்து காட்டி, தோட்டாக்கள் வேறிடத்தில் பூட்டியிருப்பதையும் காட்டினாராம். இரண்டாவது கேள்விக்குச் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இரண்டுக்கும்தான்" என்றாராம். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அவள் மகனை அனுப்பவில்லை. 14 வயதானதும் அவனே கேட்டால் பார்க்கலாம் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்திருக்கிறார்கள்.

பையனுக்கு வருத்தம். சென்ற மாதம் தொலைபேசியில், "தாத்தா, நீங்கள் சின்ன வயதில் சுட்டீர்களாமே, பயமாக இருந்ததா?" என்று கேட்டான். பயமாகவே இருக்கவில்லை, மிகவும் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. அதை அவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அம்மாவிடம் தொலைபேசியைக் கொடு என்றேன்.