கிளிக் சத்தம் மட்டும்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் குழாய்களுக்கு ஃபோர்க் என்று பெயர். உள்ளே ஸ்பிரிங்கும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி தவளை மாதிரி குதித்துக்கொண்டே போகும். எண்ணெயைச் சின்ன ஓட்டை வழியே கஷ்டப்பட்டுப் போகவைத்து அந்தத் துள்ளலை அடக்குகிறார்கள். இதுதான் டாம்பிங். 1935-லேயே பி.எம்.டபிள்யூ தன் ஆர் 12 பைக்கில் இப்படிப்பட்ட ஃபோர்க்கைப் பொருத்தி விற்றது.

இன்று விலை கூடின பல பைக்குகளில் ஃபோர்க்கின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. வலது பக்கம் திருப்பினால் உள்ளே ஓர் ஊசி இறங்கி ஓட்டையைச் சுருக்கும். அமுங்கின ஃபோர்க் நிதானமாக விரியும். இடது பக்கம் திருப்பினால் சட்டென்று விரியும். ஒவ்வொரு நிலைக்கும் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். உங்கள் எடை, உங்கள் ரோடு, உங்கள் வேகம். எத்தனை கிளிக் என்பது உங்கள் இஷ்டம்.

நிஜமாகவே உங்கள் இஷ்டம்தானா?

ஆயில் சீல் மாற்றுவதற்காக ஃபோர்க்கைப் பிரிக்கிறார் மெக்கானிக். திரும்பப் பூட்டும்போது அந்தத் திருகு இருக்கும் மூடியை உள்ளே உள்ள ராடின் மரையில் ஏற்றவேண்டும். எவ்வளவு ஏற்றுவது? அதைத் தீர்மானிப்பது கீழே இருக்கும் லாக் நட். பல ஃபோர்க்குகளில் அந்த நட்டுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் மரை தெரியவேண்டும் என்று சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும். முதலில் அதை அளந்து வைக்கவேண்டும். திருகை முழுக்கத் தளர்த்திக்கொண்டு, மூடியை நட்டில் முட்டும்வரை ஏற்றி, இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கவேண்டும். பிறகு திருகை மெதுவாக, முட்டுகிற வரை உள்ளே கொண்டுபோய், அங்கிருந்து வெளியே கிளிக்குகளை எண்ணவேண்டும்.

அளக்காமல் பூட்டினால் என்ன ஆகும்? மூடி அதிகம் இறங்கிவிட்டால் ஊசி சீக்கிரமே முட்டிவிடும். நிறைய கிளிக் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். பலவந்தமாகத் திருகினால் ஊசி பாழ். இது பரவாயில்லை. முட்டுவதால் தப்பு உடனே தெரிந்துவிடும்.

மூடி போதுமான அளவு இறங்காத கேஸ்தான் மோசம். ஊசி ஓட்டையின் பக்கமே போகாது. ஆனால் திருகு சுற்றும், கிளிக் கிளிக் என்று அழகாகச் சத்தம் வரும். ஓட்டுகிறவர் எட்டு வைத்துப் பார்ப்பார், பன்னிரண்டு வைத்துப் பார்ப்பார். “இப்ப நல்லா இருக்குங்க” என்றுகூடச் சொல்வார்!

அவருக்குத் திருப்திதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம்.

நம் வீடுகளில் இது தினமும் நடக்கிறது. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதை அப்பா முடிவுசெய்துவிடுகிறார். இரண்டு வருஷம் கழித்து, “உனக்கு எது பிடிக்குதோ அதைப் படிடா கண்ணா, நான் குறுக்கே நிக்கமாட்டேன்” என்கிறார். ஆபீஸில் மேனேஜர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய முடிவின் மேல் கூட்டம் போட்டு, “எல்லாரும் மனசுல பட்டதைத் தாராளமா சொல்லுங்க” என்கிறார். இங்கேயும் திருகு சுற்றுகிறது. ஊசி எங்கேயும் படவில்லை.

எல்லை வைப்பதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகப் பூட்டின ஃபோர்க்கிலும் திருகு ஓர் இடத்தில் முட்டி நிற்கத்தான் செய்யும். “கண்ணா, நம்ம வசதிக்கு இந்த மூணுல ஒண்ணுதான் முடியும்” என்று சொல்கிற அப்பா நேர்மையானவர். பையன் முட்டுவான், கோபித்துக்கொள்வான். ஆனால் எங்கே முட்டினோம் என்பது அவனுக்குத் தெரியும். மூன்றில் ஒன்றை அவன் எடுத்தால், அது அவன் எடுத்ததுதான்.

பொய்த் திருகின் நஷ்டம் வேறு மாதிரி. எல்லா கிளிக்கையும் வைத்துப் பார்த்தவர் கடைசியில் என்ன முடிவுக்கு வருவார்? “இந்த வண்டியே இப்படித்தான்” என்பார். அல்லது, “எனக்குத்தான் ஓட்டத் தெரியலை” என்பார். ஊசி படவில்லை என்பது அவர் மனதில் தோன்றவே தோன்றாது. பிடிக்காத படிப்பில் திணறுகிற பையனும் அப்படித்தான். “எல்லா சுதந்திரமும் கொடுத்தாங்க, நான்தான் உருப்படலை” என்பான். சுதந்திரத்தை மறுத்தால் எதிர்த்துச் சண்டையாவது போடலாம். கொடுத்த மாதிரி காட்டிவிட்டால், கோபம் முழுக்க அவன் மேலேயே திரும்புகிறது. ஒரு மனிதன் தன்னைப் பற்றியே தவறான பாடம் கற்றுக்கொள்கிறான். அவன் திருப்தியாக இருந்தால்கூட அந்தப் பாடம் தவறானதுதான்.

அதனால்தான் நல்ல மெக்கானிக் வண்டியைக் கொடுப்பதற்குமுன் இரண்டு திருகுகளையும் கடைசிவரை தானே சுற்றி, எண்ணிப் பார்க்கிறார். புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணிக்கை வராவிட்டால், இறுக்கின நட்டை மறுபடியும் தளர்த்துகிறார். அரை மணி நேர வேலை வீண். பார்க்க யாரும் இல்லை. அதற்காகத் தனியாகக் காசும் கிடையாது.

யாரிடமாவது “உன் இஷ்டம்” என்று சொல்வதற்குமுன், அந்தத் திருகை நாமே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.