சாணத்தில் பிறந்த நெருப்பு

கால்நடைகளில் உங்களுக்குப் படிப்பினை உண்டு என்று சொல்லி, பாலைக் காட்டிச் சிந்திக்கச் சொல்கின்றான் அல்லாஹு தஆலா. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 66ஆம் வசனத்தில், வயிற்றில் உள்ள சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலிருந்து, அருந்துவோர்க்கு இனிய தூய பாலைத் தான் புகட்டுவதை நினைவூட்டுகின்றான். இரு பக்கமும் நாம் அருவருக்கும் பொருள்கள். நடுவே நம் குழந்தையின் உணவு! நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கும் இடத்திலும் ரப்புடைய அருட்கொடை ஒன்று மறைந்திருக்கக் கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

விழுப்புரம் மாவட்டத்து முகையூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் பூமி. மாடு கட்டிய வீடுகளில் சாணத்தை வறட்டி தட்டிச் சுவரில் அறைவதும், மீந்ததை எருக்குழியில் சேர்ப்பதும் பழைய வழக்கம். அத்தகைய வீடொன்றில் சாண எரிவாயுக் கலன் கட்டலாம் என்று மகன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மார்க்கப் பற்றுள்ள தாய் என்ன கேட்பாள்? “சாணம் நஜீஸாயிற்றே, அத்தா! அதிலிருந்து வந்த நெருப்பில் சஹர் சோறு ஆக்கலாமா? நோன்புக் கஞ்சி காய்ச்சலாமா? அந்த அடுப்படியில் நின்ற சேலையோடு தொழலாமா?”

இந்தக் கேள்வியைக் கேட்டு நகைப்போர் உண்டு. நகைக்கக் கூடாது. உண்ணும் கவளத்திலும் உடுத்தும் துணியிலும் சுத்தம் பேணுவது ஈமானைச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. நஜீஸான பொருள் பயனற்ற பொருளாகிவிடுமா என்பதே அது.

எம்பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வில் மூன்று நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். அண்ணலார் சுத்தம் செய்வதற்கு மூன்று கற்கள் கேட்டபோது, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்கு இரண்டு கற்களே கிடைத்தன. மூன்றாவதாகக் காய்ந்த சாணத் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அண்ணலார் கற்களைப் பெற்றுக்கொண்டு, அது அசுத்தம் என்று சொல்லிச் சாணத்தை எறிந்துவிட்டார்கள். புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது.

இன்னொரு சமயம், எலும்பினாலும் சாணத்தினாலும் இஸ்தின்ஜா செய்ய வேண்டாமென்று தடுத்த அண்ணலார், அதற்குக் காரணமும் சொன்னார்கள். எலும்பு ஜின் இனத்தாரின் உணவு. சாணம் அவர்களுடைய பிராணிகளின் தீனி. இது முஸ்லிமில் உள்ளது. சிந்தித்துப் பாருங்கள்! அசுத்தம் என்று எறியப்பட்ட அதே பொருளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படைப்புக்குப் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கைப் பாழாக்காதே என்கிறது மார்க்கம்.

மூன்றாவது, அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தைச் சேர்ந்த ஒரு பணிப்பெண்ணின் செத்த ஆட்டைப் பற்றியது. அதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்று அண்ணலார் கேட்டார்கள். அது செத்ததாயிற்றே என்று பதில் வந்தது. உண்பதுதான் ஹராமாக்கப்பட்டது என்று தெளிவுபடுத்தினார்கள் அண்ணலார்.

ஆக, உண்ண விலக்கப்பட்டது என்பது வேறு. தொழும்போது உடலிலும் உடையிலும் இருக்கக் கூடாதது என்பது வேறு. வீணென்று வீசத் தக்கது என்பது முற்றிலும் வேறு. நஜீஸ் என்ற சொல், அப்பொருளிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்கிறது. அதைப் படைத்தவன் அதில் வைத்த பயனை அது இல்லாமலாக்கி விடுவதில்லை.

இனி அந்தப் பயன் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்துக் காற்றுப் புகாத கலனில் விட்டால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைச் செரிக்கின்றன. ஏறத்தாழ நாற்பது, ஐம்பது நாட்கள் அது உள்ளே தங்கிச் செல்லும். எழும் வாயுவில் பெரும்பகுதி, அதாவது நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு, எரியக்கூடிய மீத்தேன். சுமார் 25 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டில் இரண்டு கன மீட்டர் கலன் ஒன்றை ஓட்டலாம். அது ஒரு சிறு குடும்பத்தின் அன்றாடச் சமையலுக்குப் போதும்.

இது நேற்று முளைத்த புதுமை அன்று. 1897இல் பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கெரித்தார்கள். 1950களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் மூடியுள்ள கலனை வடிவமைத்தார். கதர் கிராமத் தொழில் ஆணையம் அதை 1960களில் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. 1981-82இல் நடுவண் அரசு இதற்கென்று தேசியத் திட்டமே தொடங்கியது. 1984இல் செலவு குறைந்த ‘தீனபந்து’ கலன் வந்தது.

வறட்டியாக எரித்தால் என்ன குறை என்று கேட்கலாம். வறட்டி அடுப்பில் சாணத்தின் சூட்டில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது; வாயு அடுப்பிலோ பாதிக்கு மேல் சேர்கிறது. வறட்டி எரிந்தால் நிலத்துக்குரிய எரு புகையாய்ப் போய்விடும். கலனில் வாயு போக மீந்த கரைசல் நல்ல எருவாக வயலுக்குத் திரும்பும். அந்தப் புகையை நாள்தோறும் சுவாசிப்பவள் யார்? நம் தாயும் மனைவியும்தான். விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் நச்சாகும் காற்றினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்படியில் இருமிக்கொண்டே நமக்குச் சோறு ஆக்குபவளின் மூச்சும் நம்மிடம் உள்ள அமானிதமே.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். ஷாபியீ மத்ஹபில் எல்லாப் பிராணிகளின் சாணமும் நஜீஸ். ஹனபி மத்ஹபிலும் மாட்டுச் சாணம் நஜீஸே. அது கடுமையான நஜீஸ் என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கூற்று. இலேசானது என்பது அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் கூற்று. மாலிகீ, ஹன்பலி மத்ஹபுகளிலோ உண்ண ஹலாலான பிராணியின் சாணம் சுத்தமானது.

அது எரிந்து உருமாறினால்? ஹனபி மத்ஹபின் பத்வா, சாம்பல் சுத்தமென்பதாகும். ஷாபியீ மத்ஹபில் சாம்பலும் புகையும் நஜீஸாகவே கருதப்படுகின்றன. ஆயினும் சிறிதளவு புகை மன்னிக்கப்பட்டது. அதே ஷாபியீ பிக்ஹு நூல்களில் மற்றொரு விதியும் உண்டு. நெருப்பின் துணையின்றி நஜீஸிலிருந்து தானாக எழும் ஆவி சுத்தமானது என்பதே அது.

சாண எரிவாயு எரியுமுன் எப்படி எழுகிறது? நெருப்பின்றித்தான். அது குழாய் வழியே வந்து நீலச் சுடராக எரிகிறது. வறட்டியைப் போல் சாம்பலோ கரியோ பாத்திரத்தில் படிவதில்லை. நம் பாட்டிமார் வறட்டி நெருப்பில் ஆக்கிய சோற்றை உண்டுதான் நாம் வளர்ந்தோம். அதைப் பார்க்கிலும் இந்தச் சுடர் பேணுதலுக்கு நெருக்கமானதே. எனினும் இது பழைய விதியைப் புதிய பொருளோடு ஒப்பு நோக்கியது. தத்தம் மத்ஹபின்படி உள்ளூர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை. சாணம் கரைத்த கையையும் தெறித்த துணியையும் கழுவிவிட்டே தொழ வேண்டும் என்பதில் மட்டும் ஷாபியீ, ஹனபி வீடுகளில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு ஒருவாறு விடை கண்டோம். ஆனால் நம் மனச்சாட்சி கேட்க வேண்டிய கேள்வி இன்னும் மீதி இருக்கிறது. மாடில்லாத ஏழைப் பெண் தெருவிலும் மேய்ச்சல் தரையிலும் சாணம் பொறுக்கி வறட்டி தட்டிப் பிழைப்பாள். விலையில்லாதிருந்த சாணம் கலனுக்கு வேண்டிய பொருளானதும், மாட்டுக்காரர் அதைத் தமக்கென்று அள்ளிக்கொள்கிறார். மாடுள்ளவர் வீட்டில் நீலச் சுடர். மாடில்லாதவள் அடுப்பில் சாம்பல். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் அண்ணலார் அருளியதை இங்கே நினைத்துப் பாருங்கள். கலன் கட்டும் சகோதரர், வழக்கமாகச் சாணம் எடுத்துச் சென்றவளுக்கு என்ன வழி என்று முதலில் யோசிக்கட்டும். மீந்த கரைசலில் ஒரு பங்கை அவளுடைய கீரைப் பாத்திக்குக் கொடுக்கட்டும். பத்துப் பேர் கூடிப் பொதுக்கலன் அமைத்தால், அதில் அவள் வீட்டுக்கும் ஒரு குழாய் போகட்டும். ஜின்களின் பிராணிகளுக்குரிய பங்கையே பாழாக்காதே என்ற மார்க்கம், அண்டை வீட்டாரின் பங்கை மறக்கச் சொல்லுமா?

ஹஜ்ஜுப் பெருநாளன்று நாம் செய்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குர்பானி இறைச்சியை மூன்று பங்காக்கி முறையாகக் கொடுக்கிறோம். ஆனால் பிராணியின் இரைப்பையிலிருந்து கொட்டும் கழிவை எங்கே போடுகிறோம்? ஓடையோரத்திலா, அடுத்த தெருவின் முனையிலா? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளை என்று படித்துவிட்டு, நாமே இடையூறைக் கொண்டுபோய்ப் போடலாமா? நம் வீட்டு அசுத்தத்தைப் பிறர் வாசலுக்குத் தள்ளிவிட்டு அடையும் சுத்தம் என்ன சுத்தம்! அந்தக் கழிவும் கலனில் சேர்ந்தால் வாயுவாகும், எருவாகும். கலன் இல்லாத ஊரில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தால், அந்த நிலத்துக்கு உரமாகும்.

கலன் கட்டியபின் கைவிட்டவர்களும் நாட்டில் ஏராளம். நாள்தோறும் சாணம் கரைத்து ஊற்றச் சோம்பினால், கலன் வெறும் குழியாகிவிடும். வாங்கிய மானியமும் வீண். படைத்தவன் தந்த பொருளும் வீண். வீண்விரயம் செய்வோர் ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று திருமறை (17:27) எச்சரிப்பது கைக்காசை வாரி இறைப்போரை மட்டும்தானா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையே தூய பாலை வெளிப்படுத்துகின்ற வல்ல நாயன், நம் கழிவிலிருந்தும் நன்மையை வெளிப்படுத்தும் அறிவையும், அதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் மனத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.